கேமராவுக்குப் பிறகு ஆவணக் காப்பகம்: சில அனுபவங்கள்

ஆய்வு மாணவி, மதுரை:
லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், ஆங்கிலேயர் காலத்தில் இந்திய நிர்வாகத்தை லண்டனிலிருந்து கவனித்த இந்தியா ஆபீஸ் என்ற அரசுத் துறையின் ஆவணங்கள் மட்டும் 14 கிலோமீட்டர் நீள அலமாரிகளை நிறைத்திருக்கின்றன. 2015 முதல் அங்கே வாசகர்களே படம் எடுத்துக்கொள்ளலாம் என்றானதும் ஆய்வின் வரிசையே மாறிவிட்டது. முன்பு பென்சிலால் குறிப்பெடுத்தவர்கள், எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்த மேசையிலேயே தீர்மானித்தார்கள். இப்போது பகலெல்லாம் படம் எடுத்து, ஊருக்குத் திரும்பிய பிறகே படிக்கத் தொடங்குகிறோம். வாசிப்பறையில் எனக்கு மிகவும் உதவியவர், ஏட்டின் முதுகு விரியாமல் நுரைப்பஞ்சுத் தாங்கியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஆவண எண் எழுதிய துண்டுச்சீட்டு தெரியும்படி எடுக்கச் சொன்ன பணியாளர்தான். இந்தப் பழக்கத்தை எல்லாக் காப்பகங்களும் முதல் நாளிலேயே கற்றுத்தர வேண்டும். கையால் எழுதி எடுக்க மட்டுமே அனுமதிக்கும் காப்பகம் ஒன்றிலும் வேலை செய்திருக்கிறேன். விடுப்பு எடுத்து வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அந்த விதி எவ்வளவு பெரிய தடை என்பதை அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழக நூலகர்:
மாணவர்கள் கைப்பேசி நிறையப் படங்களோடு எங்களிடம் வருகிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரோபி என்ற இலவச மென்பொருளை அவர்களுக்குக் காட்டுகிறோம். தனித்தனிப் படங்களை ஒரே கடிதமாகச் சேர்க்கவும், தேதி, கட்டு எண் முதலியவற்றை அதனோடு பதியவும் அது உதவுகிறது. ஆயினும் அந்தக் கடிதத்திற்கு முன் எந்த மனு வந்தது, அதன்மேல் எந்தத் துறை முடிவெடுத்தது என்பதை மென்பொருள் சொல்லாது. அதற்கு நல்ல அட்டவணையும், அதைத் தயாரித்தவரோடு பேசக் கிடைக்கும் அரைமணி நேரமும் வேண்டும். கேமரா வந்ததால் காப்பாளரின் வேலை குறைந்துவிட்டது என்று நினைக்கும் நிர்வாகிகள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

கடல்வணிக வரலாற்று ஆய்வாளர்:
1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கையில் இருந்ததால், அந்த ஊரின் வரலாற்றை எழுதுகிறவர் நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தைத் தவிர்க்க முடியாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களின் கையெழுத்தைக் கணினியால் படிக்கவைத்து, குளோபலைஸ் என்ற திட்டம் அவற்றை இணையத்தில் தேடும்படி செய்திருக்கிறது. ஊர்ப்பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டியிருந்தாலும், கட்டுக்கட்டாகப் புரட்டினால் கண்ணில் பட்டிருக்காத வணிகர் பெயர்கள் எனக்கு அதில்தான் கிடைத்தன. ஆனால் தேடல் நம்மை ஒரு கடிதத்தின் நடுப்பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்பதெல்லாம் பல பக்கங்களுக்கு முன்னால் இருக்கும். ஆகவே இத்தகைய தளங்களை அமைக்கும் நூலகங்கள், ஒவ்வொரு பக்கத்தோடும் அது எந்தக் கட்டில், எந்தக் கடிதத்தின் பகுதி என்பதையும், கணினியின் வாசிப்பை ஒப்பிட்டுப் பார்க்க மூலப் படத்தையும் சேர்த்தே தர வேண்டும்.