பிள்ளைகளுடன் பட்டர்வொர்த்திலிருந்து மெல்பர்னுக்குக் குடிபெயரலாமா?

கேள்வி: பினாங்குத் தீவில் வேலை முடித்துப் பாலம் கடந்து நான் வீடு சேரும்போது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மகள், வாசிப்புப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்தபடியே உறங்கிவிட்டிருப்பாள். பிள்ளைகளோடு இருக்க நேரம் வேண்டும் என்பதற்காகவே போக நினைக்கிறோம். அவளுடைய தமிழும் எங்கள் ஊழியர் சேமநிதியும் (EPF) என்னவாகும்?

பதில் 1: வணக்கம் சகோதரி. ஆஸ்திரேலியாவில் நிரந்தரவாசம் பெற்றாலும் மலேசியக் குடியுரிமை நீடிக்கும். ஆனால் இரட்டைக் குடியுரிமையை நம் நாடு ஏற்பதில்லை. நாட்டைவிட்டு வெளியேறுவதாகக் கூறிச் சேமநிதியை முழுமையாக எடுக்கவும் குடியுரிமையைத் துறந்திருக்க வேண்டும் என்பதால், அந்தப் பணத்தை நம்பி அங்கே வீடு வாங்கத் திட்டமிடாதீர்கள்.

பதில் 2: விக்டோரிய மொழிகள் பள்ளியில் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கிறார்கள், பன்னிரண்டாம் ஆண்டிலும் தமிழைப் பாடமாக எடுக்கலாம். அது வாரத்தில் சில மணி நேரம்தான், மற்றது உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. பள்ளி 3.30 மணியளவில் முடிந்துவிடும், பிள்ளையை அழைத்துவரப் பாட்டி அங்கே இருக்கமாட்டார். ஆகையால் வேலை நேரத்தை முதலில் உறுதிசெய்யுங்கள்.