ஐந்தாவது நகம் எங்கே போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய சாமான் கடையில் ஒரு நீல வெள்ளைச் சீனப் பீங்கான் தட்டு வாங்கினேன். நடுவில் மேகங்களுக்குள் நெளியும் டிராகன், விளிம்பைச் சுற்றி ஐந்து வௌவால்கள். வௌவால் புரிகிறது. சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் உச்சரிப்பு ஒன்றே, ‘ஃபூ’. ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறுகள். (நம் வீட்டுக்குள் வந்தால் விளக்குமாற்றைத் தேடுவோம்!)

குழப்பம் டிராகனில்தான். ஐந்து நகம் பேரரசருக்கு உரியது. லென்ஸ் வைத்து எண்ணினேன். மூன்று கால்களில் ஐந்தைந்து, நாலாவதில் நான்குதான். ஐந்தாவது இருக்க வேண்டிய இடம் சொரசொரவென்று மங்கிக் கிடக்கிறது. கோபால்ட் நீலத்தைத் தீட்டி, அதன்மேல் கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசித்தானே சுடுகிறார்கள்? கழுவிக் கழுவிப் போயிருக்காது. அரண்மனைக்கு வெளியே விற்க யாராவது தேய்த்து எடுத்ததா? அப்படியென்றால் மற்ற மூன்று கால்களை ஏன் விட்டார்கள்?

அடியில் மிங் பேரரசர் சுவாந்தே (1426–1435) காலத்து ஆறெழுத்து முத்திரை. பிற்காலத்திலும் அதைப் போட்டுச் செய்தார்கள் என்பதால் நான் நம்பவில்லை. வௌவால்களைப் பார்த்தால், மிங்குக்குப் பின் வந்த சிங் அரச மரபின் காலத்துச் சாயல்தான் தெரிகிறது. சரி, படங்கள் கீழே. இப்படித் தேய்த்த நகத்தை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?