பங்குனி, சித்திரையில் கோடியக்கரை: பார்த்ததும் கேட்டதும்

வேதாரண்யத்துக்காரர்:
நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை சரணாலயம் என்றதும் மார்கழி, தை மாதத்துப் பூநாரைகளைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் பங்குனிக் கடைசியில் வாருங்கள் என்பேன். வலசை வந்த பறவைகளில் பெரும்பாலானவை கிளம்பியிருக்கும், உண்மைதான். ஆனால் புல்வெளியில் வெளிமான்கள் இணைசேரும் மும்முரத்தில் இருக்கும் காலம் அது. போன வருஷம் இரண்டு கலைமான்கள் முறுக்குக் கொம்பைப் பிணைத்துக்கொண்டு தள்ளுமுள்ளில் நின்றதைக் கிட்டத்தில் பார்த்தேன். கருத்த முகம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்கில் புழுதி. பெட்டைகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

கோடை ஏற ஏறப் பாலைப்பழம் பழுக்கும். வேப்பம்பழம் அளவில் மஞ்சளாக, அப்படி ஒரு தித்திப்பு. நாலு பழம் தின்றால் பால் பிசுபிசுத்து உதடு ஒட்டிக்கொள்ளும். 2018 கஜா புயலில் காடு மொட்டையாகிப் போனபோது இனி இந்தப் பழமே கிடைக்காதோ என்று அப்பாயி அழுதது. அடுத்தடுத்த கோடையில் நின்ற மரங்கள் தளிர்த்துவிட்டன.

அகத்தியம்பள்ளியிலிருந்து:
எங்களுக்குச் சித்திரை என்றால் உப்புதான். வெயில் காய்ந்தால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். இருட்டோடு எழுந்து போய் வாருவோம். "வெயில் ஏறுறதுக்குள்ள வாரிப்புடணும் தம்பி, அப்புறம் கண்ணு கூசி நிக்க முடியாது" என்பார் பெரியப்பா. காலில் வெடிப்பு இருந்தால் உப்புத் தண்ணீர் சுரீரென்று இறங்கும். ஒரு கோடை மழை பெய்தால் போதும், வாராமல் கிடக்கும் உப்பு அத்தனையும் கரைந்துவிடும்.

ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் 1930 ஏப்ரல் 13 அன்று, தமிழ் வருஷப் பிறப்பில், திருச்சியில் புறப்பட்டு இதே வெயிலில்தான் நடந்து வந்தார்கள். ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பை அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் வைத்தது என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பார்? நினைவுத் தூணைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
நான் கோடியக்கரைக் கடற்கரையில் பார்த்தது ஆமைக்குஞ்சு. வனத்துறை முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கிறது. விடியற்காலையில் கூடையைச் சாய்த்துவிட்டார்கள். உள்ளங்கையில் அடங்குகிற கருப்புக் குஞ்சுகள் ஈரமணலில் துடுப்புப் போட்டுக்கொண்டே போயின. அலை ஒன்றைத் திருப்பித் தள்ளியது. அது மறுபடி திரும்பி நடந்தது. என் மகள் "போ, போ" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

2004 சுனாமியில் இடிந்த சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தையும் அங்கேயே காட்டினார்கள். அடுத்த பங்குனியில் அகத்தியம்பள்ளிக்கும் வருகிறோம் அண்ணே. உப்பு வாருவதைப் பார்க்க எத்தனை மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்?