நிலக்கரிச் சாம்பல்ல அருமண் தனிமம்: கரைசல் ஜெல் கட்டுது, வழி சொல்லுங்க

நெல்லை அண்ணாச்சிமாரே, வேதியியல் தெரிஞ்சவங்க பாருங்க. தூத்துக்குடி அனல்மின் நிலையத்து உலர் சாம்பல்லருந்து அருமண் தனிமங்களை (லாந்தனம், சீரியம், நியோடிமியம் மாதிரி உலோகங்கள்) பிரிக்கப் பாக்கோம். அருமண் பெரும்பாலும் கண்ணாடி உருண்டைக்குள்ள பூட்டிக் கிடக்கதால வெறும் அமிலத்துக்கு அசையாது. அதனால 10 கிராம் சாம்பலோட 10 கிராம் காஸ்டிக் சோடா, நிக்கல் குரூசிபிள்ல (உருக்குற கிண்ணம்) 450 டிகிரி, அரை மணி நேரம் (பீங்கான்னா சோடா அரிச்சிரும்). வெந்நீர்ல கழுவி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 200 மில்லியில கரைக்கோம். இதுவரை சரி.

கரைஞ்சிருக்க இரும்பை வீழ்படிவா இறக்க அம்மோனியா விட்டு பிஎச் 3 தாண்டுனா மொத்தமும் கஞ்சியா உறைஞ்சு வடிதாளை அடைச்சிருது. கழுவியும் போகாத சிலிக்காதான் காரணம். அதோட அருமண்ணும் போயிருது.

அமிலக் கரைசலை வத்த வச்சு சிலிக்காவை முதல்லயே உலர்த்திப் பிரிக்கலாமா? இல்ல, பிஎச் 1.5-லயே அருமண்ணை வீழ்படிவாக்க ஆக்சாலிக் அமிலம் போட்டா இரும்பு அதைத் தின்னுருமா? செஞ்சவங்க அளவோட சொல்லுங்க. யூரோப்பியம் (அருமண்ல ஒண்ணு) அளக்கும்போது வர்ற பேரியம் ஆக்சைடு குறுக்கீட்டைத் திருத்தித் தர்ற ஐசிபி-எம்எஸ் (நிறையை வச்சு தனிமங்களை அளக்குற கருவி) லேப் பாளையங்கோட்டை பக்கம் இருந்தாலும் சொல்லுங்க.