சத்தமே வராத டேப்பட்: எக்சோஸ்ட் பக்கம் பிலேடு நுழையவே இல்லை

தலவாக்கலை:
பஜாஜ் சிடி 100 பைக் ஒன்று. காலையில் பத்துப் பதினைந்து உதை வாங்கும், பிடித்தாலும் ஐட்லில் நிற்காது. எஞ்சின் ஹெட்டில் டக்டக் சத்தம் இல்லை என்பதால் யாரும் டேப்பட்டை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி) பார்க்கவில்லை. புது பிளக் போட்டாச்சு, கார்பரேட்டரும் இரண்டு தடவை கழுவியாச்சு. கடைசியில் மூடியைக் கழற்றி, பிஸ்டனை டாப்பில் வைத்து ராக்கரை விரலால் ஆட்டினால் இன்லெட் லேசாக ஆடுது, எக்சோஸ்ட் கல்லு மாதிரி நிற்குது. 0.10 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.05 பிலேடுகூட (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவில்லை! 0.10க்கு வைத்ததும் இரண்டாவது உதையில் பிடித்தது.

ஓட ஓட வால்வும் சீட்டும் தேயும். வால்வு ஹெட்டுக்குள் ஏறும், அதன் தண்டு ராக்கர் பக்கம் வரும், இடைவெளி குறையும். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துது. இடைவெளி இல்லாமல் முழுசாக உட்காராவிட்டால் கம்ப்ரஷன் ஒழுகும், விளிம்பும் கருகிவிடும். லூசான டேப்பட் கத்திச் சொல்லிவிடும், டைட்டானது சொல்லாது.

நானுஓயா:
"டாப்பில் வைத்து" என்று ஒரே வார்த்தையில் தாண்டிட்டீங்க அண்ணே. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம் அது. பாதிப் பேர் பிழை விடுவது அங்கதான். பிளக்கைக் கழற்றினால் எஞ்சின் கையால் சுற்ற வரும். இடப்பக்க மெக்னட் கவரில் நடு மூடியும் மேல் மூடியும் திறந்து, டி சாவியால் இடஞ்சுழியாகச் சுற்றணும். முதலில் தெரிவது எஃப் கோடு, அது ஸ்பார்க் விழும் இடம். அங்கே நிறுத்தக் கூடாது. அடுத்து வரும் டி கோடு கவரின் வெட்டுக்கு நேராக நிற்கணும்.

அதே டி கோடு எக்சோஸ்ட் ஸ்ட்ரோக் முடிவிலும் வரும். அப்போது இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்கும், இரண்டு ராக்கரும் இறுகி நிற்கும். அதில் பிலேடு நுழையும்வரை ஸ்குரூவைத் தளர்த்தினால் பிறகு தகரம் தட்டும் சத்தம்தான். உங்களுடையதில் இன்லெட் ஆடியதால் சரியான சுற்றுதான். இரண்டும் இறுகியிருந்தால் இன்னொரு முழுச் சுற்று. கோட்டைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீங்க. கேமில் டீகம்ப்ரஸர் (ஸ்டார்ட் பண்ணும்போது கம்ப்ரஷனைக் குறைக்கும் அமைப்பு) உள்ள எஞ்சினில் அது எக்சோஸ்ட்டைத் தூக்கி அளவைப் பொய்யாக்கும். எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்கணும், அதையும் எழுதவில்லை.

பண்டாரவளை:
யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லணும். மலையில் காலை ஸ்டார்ட்டிங் கோளாறெல்லாம் டேப்பட் இல்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். கீழே செட் பண்ணின கார்பரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும், பிளக் கரி பிடிக்கும். முதலில் சுவிட்சை ஆஃப் பண்ணி, கிக்கைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்க. எதிர்த்து நின்று, பிளக்கும் கரியாக இருந்தால் கார்பரேட்டர் பக்கம் போங்க. எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் கம்ப்ரஷன் போகுது, அப்போதுதான் டேப்பட். டேப்பட்டைச் சரி செய்தும் எதிர்ப்பு வராவிட்டால் வால்வு ஏற்கனவே கருகியிருக்கலாம், இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் போயிருக்கலாம். அதற்கு ஹெட்டை இறக்கணும். கார்பரேட்டரைத் தொடும் முன் ஏர் பில்டரையும் பாருங்க. தோட்டத்து மண் ரோட்டில் ஓடும் பைக்கில் அதுவே அடைத்து, அதே கரியைக் கொடுக்கும்.

வட்டவளை:
ஒருவர் பைக்கின் அளவை இன்னொரு பைக்குக்கு வைக்காதீங்க. சிடி 100க்கு இன்லெட் 0.05, எக்சோஸ்ட் 0.10. பழைய ஹோண்டா சூப்பர் கப்புக்கு இரண்டுமே 0.05.

எங்கள் பக்க மழையில் டேப்பட் மூடியைச் சுற்றிச் சேறு அப்பியிருக்கும். திறக்கும் முன் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்காவிட்டால் மண் நேராகக் கேமில் விழும்.

அளவு கெடுவது லாக் நட்டில். நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே திரும்பி இடைவெளியைத் தின்னும். ஸ்குரூவின் சதுரத் தலையை அதற்கான சாவியால் பிடித்துக்கொண்டு இறுக்கணும், பிளையரால் பிடித்தால் தலை உருண்டுவிடும். இறுக்கிய பிறகு பிலேடு லேசாக இழுபட்டு வரணும். 0.10க்கு வைத்த இடத்தில் 0.15 நுழையக் கூடாது. மூடியின் ஓரிங் தட்டையாகியிருந்தால் புதுசு போடுங்க. ஒழுக்கை நிறுத்த மூடியை முறுக்கினால் ஹெட்டின் அலுமினியப் புரிதான் போகும்.

மூடும் முன் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, டி கோட்டில் வைத்து மறுபடி அளந்து பாருங்க. அளவு மாறியிருந்தால் நட்டு சரியாக இறுகவில்லை.