விழுந்த ஹுவாவே எங்கட கடைகளில திரும்ப எழும்புமோ?

கொக்குவில்_கிழக்கு (திரி தொடக்கம், இரவு 8.52)

நேற்று யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் போனனான். 2018, 2019 காலத்தில அங்க எந்தப் போன் கடையைப் பாத்தாலும் ஹுவாவே எண்ட சீனப் போன் கம்பனியின்ர சிவப்புப் பூச் சின்னம் போட்ட பதாகை தொங்கும். எங்கட ஏ.எல் வகுப்பில பாதிப் பொடியளிட்ட நோவா 3ஐ, மிச்சப் பேரில கனபேரிட்ட வை9. நேற்று ஒரு பூவும் கண்ணில படேல்ல.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். 2019 மேயில அமெரிக்கா இந்தக் கம்பனியைத் தடைப் பட்டியலில போட்டது. பிறகு வந்த புதுப் போன்களில கூகிள் (பிளே ஸ்ரோர், யூரியூப், மப்ஸ் எல்லாம்) இல்லை. அந்த வருசம் செப்ரெம்பரில வந்த மேற் 30 தான் முதல் அடி வாங்கினது. 2020 செப்ரெம்பரோட தாய்வானில இருந்து சிப் வாறதும் நிண்டுது. நவம்பரில தங்கட மலிவுப் போன் பகுதியான ஹொனரை வித்துப்போட்டாங்கள். இவ்வளவுக்கும் அதே 2020இன்ர இரண்டாம் காலாண்டில சம்சுங்கையே முந்தி உலகத்தில ஆகக்கூடப் போன் அனுப்பினது இவங்கள்தான்.

எல்லாரும் பாடை கட்டி முடிச்சாப் பிறகு, 2023 ஓகஸ்ற் 29, விழாவும் இல்லை விளம்பரமும் இல்லை, மேற் 60 புரோவை விக்கத் தொடங்கினாங்கள். உள்ளுக்க சீனாவிலேயே செய்த கிரின் 9000எஸ் சிப். 2024 வருமானம் 862 பில்லியன் யுவான். உச்சத்தில நிண்ட 2020இல அது 891. விழுந்த கம்பனியின்ர கணக்கோ இது? சீனாவில எழும்பினவன் இஞ்சையும் எழும்புவான் எண்டதுதான் என்ர கட்சி. மறுக்கிற ஆக்கள் வாங்கோ.

ஸ்ராண்லி_வீதிக்_கடை (இரவு 9.20)

தம்பி, நான் 14 வருசமா போன் விக்கிறன், திருத்திறன். உம்மட பில்லியன் கணக்கு எனக்கு விளங்காது. என்ர லாச்சிக் கணக்கைச் சொல்லுறன்.

திருத்திற மேசையில எனக்கு ஆறு லாச்சி. ஒவ்வொண்டிலயும் வெள்ளை ரேப் ஒட்டி, என்னென்ன டிஸ்பிளே கிடக்கெண்டு பேனையால எழுதியிருக்கு. 2019இல ரெண்டு லாச்சி முழுக்க ஹுவாவே. இப்ப ஒண்டில சம்சுங் ஏ சீரிஸ், மற்றதில ரெட்மி நோட். ஹுவாவே எண்டு எழுதின ரேப் கடைசி லாச்சியில இன்னும் ஒட்டினபடி கிடக்கு. உள்ளுக்க நோவா 3ஐ டிஸ்பிளே ரெண்டு, மிச்சம் சிம் குத்துற ஊசியும் ரப்பர் பாண்டும். வரேக்க வந்து பாரும்.

போன மாதம் ஒரு அக்கா பருத்தித்துறையில இருந்து வந்தவ. மகளின்ர சாமத்தியவீட்டுக்குப் படம் எடுக்க நல்ல கமரா வேணுமாம். ஒரு பொடியன் வித்துத்தரச் சொல்லி வைச்சிட்டுப் போன கூகிள் இல்லாத போன் ஒண்டு கிடந்தது, எடுத்துக் குடுத்தன். வாசலுக்குக் கொண்டுபோய் றோட்டைப் படம் எடுத்து, விரலால பெருப்பிச்சுப் பாத்திட்டு "வடிவா இருக்கு" எண்டவ. எனக்கும் சந்தோசம். திருப்பித் தரேக்க ஒரே ஒரு கேள்வி: "தம்பி, இதில யூரியூப் எங்க கிடக்கு?" நான் விளங்கப்படுத்தத் தொடங்க, அவ பக்கத்துத் தட்டைப் பாக்கத் தொடங்கிட்டா.

வியாபாரம் அந்த இடத்தில முடிஞ்சுது.

பனங்கொட்டை (இரவு 9.24)

என்ர அப்பப்பான்ர நொக்கியா 1100 இப்பவும் ரோச் அடிக்குது. அதில யூரியூப் எங்க எண்டு ஒருதரும் கேக்கிறேல்ல.

ஸ்காபரோ_மூத்தவன் (இரவு 9.47)

பகிடியா எழுதினாலும் பனங்கொட்டை சரியான இடத்திலதான் தொட்டிருக்கிறார். 2003இல வந்த அந்த 1100 மட்டும் 25 கோடிக்கு மேல வித்தது. 2007 மட்டில உலகத்தில வித்த பத்துப் போனில நாலு நொக்கியா. பிறகு என்ன நடந்தது? 2011 பெப்ரவரியில நொக்கியாவின்ர அப்பத்தைய தலைவர் ஸ்ரீபன் ஈலொப் மைக்ரோசொப்ற்றின்ர விண்டோஸ் போனில போய் ஏறினார். 2014இல போன் பகுதியே மைக்ரோசொப்ற்றின்ர கைக்குப் போச்சு. 2016இல எச்எம்டி எண்ட பின்லாந்துக் கம்பனி நொக்கியா எண்ட பேரை உரிமத்துக்கு எடுத்து, அடுத்த வருசம் பழைய 3310ஐப் புது நிறத்தில இறக்கினது. எல்லாரும் கையில வாங்கிப் பாத்து "ஆ, பாம்பு விளையாட்டு" எண்டினம், திருப்பி வைச்சிட்டினம். பழைய பாசத்தில படம் பாப்பினம், போன் வாங்காயினம்.

தம்பி கொக்குவில், உம்மட 862 பில்லியனில சந்திக்குச் சந்தி நிக்கிற போன் கோபுரச் சாமானும் கிடக்கு, கார்ச் சாமானும் கிடக்கு. போன், ரப்லெற், மணிக்கூடு எல்லாம் சேர்ந்த பகுதியைத் தனியா எடுத்துப் பாரும். 2020இல 483 பில்லியன் யுவான், 2024இல 339. மொத்த வருமானத்தில பத்தில ஏழு பங்கு சீனாவுக்குள்ள. யானை படுத்தாலும் குதிரை மட்டம்தான், சரி. ஆனா யானை படுத்துக் கிடக்கிறது சீனாவில, நீர் அதை ஸ்ராண்லி வீதியில தேடுறீர்.

கொக்குவில்_கிழக்கு (இரவு 10.05)

அண்ணை, அந்த 483இல ஹொனரின்ர வியாபாரமும் கிடந்தது. வித்த பிள்ளையின்ர உழைப்பையும் சேர்த்துக் கணக்குப் பாத்தா வீடு தேய்ஞ்ச மாதிரித்தான் தெரியும்.

நொக்கியாவோட ஒப்பிடுறதும் பிழை. நொக்கியா தன்ர முடிவால விழுந்தது. சனத்துக்குப் பிடிக்காத சாமானைச் செய்தது, சனம் போச்சு. ஹுவாவே விழேக்க சனம் வாங்கிக்கொண்டிருந்தது. 2018இல பி20 புரோவில மூண்டு கமரா வைச்சு மற்றவைக்குப் பாடம் எடுத்தவங்கள். கதவை வெளியால பூட்டினதாலதான் விழுந்தது. வருத்தம் வேறை எண்டா மருந்தும் வேறைதானே.

விழுந்து எழும்பினவன் இல்லையோ? ஷாவோமி 2016இல சறுக்கினது. ஒன்லைனில மட்டும் வித்தா காணாதெண்டு விளங்கி, சொந்தக் கடையள் திறந்து, இந்தியாவில வியாபாரத்தைப் பெருப்பிச்சு, 2017இல எழும்பினது. சம்சுங் அதே 2016இல நோட் 7ஐ உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது. அடுத்த வருசம் எஸ்8ஓட நிண்டுபிடிச்சுது. 2025 இரண்டாம் காலாண்டில சீனச் சந்தையில முதலிடம் ஆருக்கெண்டு, போன் சந்தையை ஆராயிற ஐடிசி நிறுவனத்தின்ர கணக்கைப் பாருங்கோ. ஹுவாவேக்கு.

ஸ்ராண்லி_வீதிக்_கடை (இரவு 10.11)

நீர் சொன்ன ரெண்டு பேரிட்டயும் விழேக்கயும் கூகிள் இருந்தது தம்பி. எழும்பேக்கயும் இருந்தது.

மட்டுறுத்துநர் (இரவு 10.30)

சீனா, அமெரிக்கா அரசியலை இஞ்ச இழுக்கவேண்டாம். மூண்டு பின்னூட்டம் தூக்கியாச்சு.

சுன்னாகம்_ரீச்சர் (காலை 6.15)

பிள்ளைகள், இரவு முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. என்னிடம் இருப்பது ஹுவாவே பி30 லைற், 2019இல் வாங்கியது. தடைக்குக் கொஞ்சம் முன்னர் வெளிவந்த போன் என்பதால் கூகிள் இருக்கிறது. கோயிலடியில் ஒருமுறை கல்லில் விழுந்தது, மூலையில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. காலையில் நோர்வேயில் இருக்கும் மகனுடன் வைபரில் கதைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இதே கம்பனியின் புதுப் போனையே வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கூகிள் இல்லாவிட்டால் உண்மையில் எது வேலை செய்யும், எது செய்யாது? யாராவது சத்தம் போடாமல் சொல்லுங்கள்.

கொக்குவில்_கிழக்கு (காலை 7.40)

ரீச்சர், வட்ஸ்அப்பும் வைபரும் வேலை செய்யும். பிளே ஸ்ரோருக்குப் பதிலா அவையின்ர அப் கலரி இருக்கு. அதில இல்லாததை அப் செய்த கம்பனியின்ர தளத்தில இருந்து நேர இறக்கலாம். யூரியூப் பிரவுசரில ஓடும். கூகிள் அப்தான் வேணுமெண்டா ஜிபொக்ஸ் எண்டு ஒரு அப் இருக்கு, அதுக்குள்ள போட்டு ஓட்டலாம். வீதி பாக்க பெற்றல் மப்ஸ். ஒரு பின்னேரம் செலவழிச்சா எல்லாம் சரிவரும்.

சீனாவில 2024 ஒக்ரோபரில ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்ற் எண்ட ஹுவாவேயின்ர சொந்த இயங்குதளம் வந்தது. அதில அன்ரொயிட் அப் நேரடியாப் போகாது. அதைக் கேள்விப்பட்டுப் பயப்பிட வேண்டாம். சீனாவுக்கு வெளியில விக்கிற போனில ஈஎம்யூஐ எண்ட பழைய முறைதான், அன்ரொயிட் அப் போகும்.

ஸ்ராண்லி_வீதிக்_கடை (காலை 8.55)

ரீச்சர், தம்பி பொய் சொல்லேல்ல. ஆனா அந்த "ஒரு பின்னேரம்" ஆற்ற பின்னேரம்? என்ர பின்னேரம். போனை வித்த குற்றத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஆக்கள் வந்து நிப்பினம். "தம்பி, உந்தப் பெட்டிக்குள்ள போட்ட கூகிள் திரும்பப் பாஸ்வேட் கேக்குது." அதுக்கு நான் காசு வாங்கவும் ஏலாது.

இன்னொண்டு. வட்ஸ்அப் கதைக்க வேலை செய்யும். ஆனா நீங்கள் இவ்வளவு நாளும் சேர்த்த பழைய கதை எல்லாம் கூகிள் ட்ரைவிலதானே ஏத்தி வைச்சிருக்கு? கூகிள் இல்லாத போனில அதை அப்பிடியே இறக்க ஏலாது, வேறை வழியாத்தான் மாத்தவேணும். வங்கி அப்பையும் முதல் கேட்டுப்பாருங்கோ. பேர் வேண்டாம், ஒரு வங்கியின்ர அப் கூகிளின்ர சரிபார்ப்பு இல்லாட்டி திறக்கவே திறக்காது. ரெண்டு நாள் மினக்கெட்டன்.

சுன்னாகம்_ரீச்சர் (காலை 9.30)

பேரனின் படங்கள் ஆறு வருடமாகக் கூகிளில்தான் கிடக்கின்றன. அப்படியென்றால் இது போன் மாற்றுவது அல்ல, வீடு மாறுவது. இந்த வயதில் சட்டிபானை தூக்கிக்கொண்டு இன்னுமொருக்கால் இடம்பெயர என்னால் ஏலாது.

பனங்கொட்டை (காலை 9.33)

ரீச்சருக்கு ஐஞ்சுக்கு ஐஞ்சு.

கொக்குவில்_கிழக்கு (பகல் 12.48)

ரீச்சரின்ர ஒருதற்ற கதையை வைச்சு முழுச் சந்தைக்கும் தீர்ப்புச் சொல்ல ஏலாது. 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360ஐத் தாண்டினாப் பிறகு சனம் விலையைத்தான் பாக்குது. நல்ல கமரா, நல்ல பற்றரி, மற்றவையை விடப் பத்தாயிரம் குறைவு எண்டு வந்தா பொடியள் வாங்குவாங்கள். எங்கட வயசில அப் இறக்கிறது ஒரு வேலையோ?

ஸ்காபரோ_மூத்தவன் (பின்னேரம் 6.10)

பொடியளுக்கு ஆர் வாங்கிக் குடுக்கினம்? யாழ்ப்பாணத்துச் சந்தைப் பங்கில பாதியை எங்கட சனம் இருக்கிற பாரிஸ் லா சப்பலிலயும் லண்டன் ஹரோவிலயும் கனடா ஸ்காபரோவிலயும்தான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு நல்லூர்த் திருவிழாவுக்கும் நான் வரேக்க மருமக்களுக்கு ரெண்டு பழைய ஐபோன் கொண்டுவாறன். ஒருதனும் புது ஹுவாவே கொண்டுவா எண்டு கேக்கிறேல்ல. இப்ப ஐஎம்ஈஐ எண்ட போனின்ர அடையாள இலக்கத்தைப் பதியவேணும் எண்ட கரைச்சல் வேறை, எண்டாலும் ஐபோன்தான் வேணுமாம்.

ஒண்டை மட்டும் ஒத்துக்கொள்ளுறன். நொக்கியா உவமானத்தைத் திருப்பி எடுக்கிறன். நொக்கியா மாதிரி இல்லை, ஹுவாவேக்கு செய்யத் தெரியும். 2024 செப்ரெம்பரில மூண்டா மடிக்கிற போனை முதல் முதல் கடைக்குக் கொண்டுவந்தவங்கள். விலை 19,999 யுவானில இருந்து. எங்கட காசில கணக்குப் பாத்தா கைவசம் ஒரு சின்னக் காணி வேணும்.

ஸ்ராண்லி_வீதிக்_கடை (பின்னேரம் 6.42)

2022ஐப் பற்றி தம்பி சொன்னது சரி, ஆனா பாதிதான். விலை ஏறினாப் பிறகு சனம் மலிவுப் போனுக்குப் போகேல்ல, பழைய போனைத் திருத்தத் தொடங்கினது. அந்த வருசம் வித்ததை விடத் திருத்தினதில உழைச்சன். இப்பவும் போன் வாங்க வாறவை முதல் கேக்கிறது "இதின்ர டிஸ்பிளே உடைஞ்சா சாமான் எடுக்கலாமோ?" எண்டுதான். கடையில சாமான் கிடந்தாத்தான் சனம் போன் வாங்கும். சனம் போன் வாங்கினாத்தான் கொழும்புக்காரன் சாமான் இறக்குவான். இந்த வட்டத்துக்குள்ள இருந்து வெளியில விழுந்தவன் திரும்ப உள்ளுக்க வாறதுதான் கஸ்ரம், சிப் செய்யிறதில்லை.

சரி, ஒண்டு கேக்கிறன். நீர் இந்தத் திரியை எந்தப் போனில இருந்து எழுதுறீர்?

கொக்குவில்_கிழக்கு (பின்னேரம் 6.50)

ரெட்மி. அம்மான்ர சீட்டுக் காசில வாங்கினது. இதைக் கேப்பியள் எண்டு தெரியும். அண்ணை, கம்பனி எழும்புமோ எண்டது ஒரு கேள்வி, நான் வாங்குவனோ எண்டது வேறை கேள்வி. இண்டைக்கு என்னட்டக் காசில்லை, கடையில போனும் இல்லை. இல்லாத சாமானை எப்பிடி வாங்கிறது? அவங்கள் ஒழுங்கா ஒரு முகவரை வைச்சு, சாமானும் இறக்கி, கடைக்காரருக்குக் கொமிசனும் கூட்டிக் குடுத்தா நீங்களே நாலு பேருக்குச் சொல்லி விப்பியள். 2018இல வித்தனீங்கள்தானே. பதாகையை நீங்களோ காசு குடுத்துக் கட்டினீங்கள்?

ஸ்ராண்லி_வீதிக்_கடை (இரவு 7.25)

இல்லை. அது அவங்கள் கட்டினது. லைற் போட்ட சோகேசும் தந்தவங்கள், அதுக்குள்ளதான் இப்ப ரெட்மி அடுக்கியிருக்கு. கொமிசன் கதை உண்மை, ஒளிக்கேல்ல.

கொக்குவில்_கிழக்கு (இரவு 7.27)

அப்ப நாளைக்கு முகவர் வந்து நிண்டா என்ன சொல்லுவியள்?

ஸ்ராண்லி_வீதிக்_கடை (இரவு 7.31)

ரெண்டு பீஸ் கடனுக்குத் தந்தா வைப்பன். வித்தாப் பிறகு காசு. கைக்காசு போட்டு எடுக்க மாட்டன்.

கொக்குவில்_கிழக்கு (இரவு 7.32)

எந்தத் தட்டில வைப்பியள்?

ஸ்ராண்லி_வீதிக்_கடை (இரவு 7.40)

கீழ்த்தட்டில. சார்ஜருக்குப் பக்கத்தில.