டேப் சுற்றினால் குதிக்க முடியவில்லை, சுற்றாவிட்டால் கால் மடங்குகிறது. என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்புப் பெடியன்:
வணக்கம். கரப்பந்து விளையாடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் வலையடியில் குதித்து இறங்கும்போது எதிரணிக்காரனின் பாதத்தில் மிதித்து, வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, வீக்கமும் வற்றிவிட்டது. ஆனால் கிரவல் மைதானத்தில் இறங்கும்போது இன்னும் நழுவுகிறது.
வெள்ளை டேப்பை எங்கள் கழகத்து அண்ணை சுற்றிவிட்டார். கால் கட்டைபோல ஆகி, குந்திக் குதிக்கவே முடியவில்லை, விரல்களும் விறைத்தன. நீல நிற இழுபடும் டேப் ஒட்டினால் சுகமாக இருக்கிறது, ஆனால் கால் மடங்கத்தான் செய்கிறது. எது சரி?

கிளிநொச்சி பிசியோ அக்கா:
தம்பி, சுற்றும்போது பாதம் எப்படி இருந்தது? குதிநரம்பை, அதாவது குதிக்காலுக்கு மேலே பின்பக்கம் உள்ள தடித்த நரம்பை, சுற்றி முழு வட்டம் போட்டாரா?

புதுக்குடியிருப்புப் பெடியன்:
வாங்கில் படுத்திருந்தேன் அக்கா, பாதம் கீழே தொங்கியது. வட்டமா? வைக்கோல் கட்டுவதுபோல ஏழெட்டுச் சுற்று.

கிளிநொச்சி பிசியோ அக்கா:
சிக்கல் அங்கேதான். தொங்கிய நிலையில் ஒட்டினால் பாதம் அப்படியே பூட்டிக்கொள்ளும். குந்தும்போது முழங்கால் முன்னே போக வேண்டும், டேப் விடாது. நீங்கள் தடுக்க வேண்டியது உள்பக்க மடக்கத்தை மட்டும், முன்-பின் அசைவை அல்ல.
பாதத்தைத் தொண்ணூறு பாகையில் வையுங்கள். பட்டியை உள்கணுவின் மேலிருந்து தொடங்கி, குதியின் அடியால் கொண்டுபோய், வெளிப்பக்கம் இழுத்து ஏற்றுங்கள். ஒன்றை ஒன்று பாதி மூடியபடி மூன்று பட்டி. அதன்மேல் குதியைச் சாய்வாகச் சுற்றிப் பிடிக்கும் பூட்டுப் பட்டி, பக்கத்துக்கு ஒன்று. குதிநரம்பின்மேல் இறுக்கமான வட்டம் வேண்டாம். பாதத்தில் சுற்றும் பட்டியை, காலை ஊன்றி நிற்கும்போது ஒட்டுங்கள், ஊன்றினால் பாதம் விரியும். விரல் விறைத்தால் உடனே வெட்டி எடுங்கள்.
நீல டேப் தோலோடு சேர்ந்து இழுபடும். கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வுக்கு வேண்டுமானால் உதவலாம், மடங்குவதை அது தடுக்காது.
ஒரு சோதனை: சுவரை நோக்கி நின்று, குதியைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எட்டக்கூடிய அதிகபட்ச தூரத்தை, டேப் இல்லாமலும் டேப்போடும் அளந்து பாருங்கள். டேப்போடு மிகவும் குறைந்தால், அது முன்-பின் அசைவைத் தடுக்கிறது.

முள்ளியவளை:
இதுக்கெல்லாம் ஏன் டேப்? நோவெண்ணெய் பூசி நல்லாத் தேய்த்துவிட்டால் போதும்.

மாங்குளம் பழைய ஆட்டக்காரன்:
எண்ணெய் பூசிய காலில் டேப் ஒட்டவே ஒட்டாது ஐயா, நான் பட்டிருக்கிறேன். தம்பி, ரோமத்தை மழித்து, காலைக் காயவைத்து ஒட்டுங்கள். எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் அரைமணிநேர ஆட்டத்தில் டேப் தளரும். எங்கள் வெயில் வியர்வைக்கு அதற்கும் முன்னே. எனக்குக் கடைசியில் கயிறு கட்டும் கணுக்கால் உறைதான் கைகொடுத்தது. செட்டுக்கு நடுவே இறுக்கிக்கொள்ளலாம்.

புதுக்குடியிருப்புப் பெடியன்:
அளந்தேன். டேப் இல்லாமல் 10 சென்ரிமீற்றர். அண்ணையின் சுற்றில் 5. அக்கா சொன்ன முறையில் 9! நேற்று இரண்டு செட் நன்றாகக் குதித்தேன். மூன்றாவதில் வெளிப்பக்கம் தொளதொளத்துவிட்டது.

கிளிநொச்சி பிசியோ அக்கா:
நல்லது. இரண்டாம் செட் முடிய வெளிப்பக்கம் ஒரு பட்டி புதிதாக ஒட்டுங்கள். காலின் சமநிலையைப் பழக்க, பல் துலக்கும் நேரம் ஒற்றைக்காலில் நிற்கிறீர்களா?

புதுக்குடியிருப்புப் பெடியன்:
இன்று காலையிலிருந்து, அக்கா. தம்பி பார்த்துச் சிரிக்கிறான்.